தள்ளினால் திறக்கும் மேசை

நவம்பர் 12, புதன்

இந்த நாட்குறிப்பு யார் கையில் கிடைத்தாலும் சரி, முதலிலேயே கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துவிடுகிறேன். இதில் எழுதப்போகும் எதையும் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பினால் கோளாறு உங்களிடம்தான். கோவில்பட்டிப் பேருந்துகளின் பின்படிக்கட்டைத் தன் ஆயுள் முழுக்க ஆண்டவனும், ஒற்றை விசிலில் ரயிலையே நிறுத்தியவனும், ஓய்வுபெற்ற நடத்துனனுமாகிய தங்கமாரியப்பன் என்னும் நான், இன்று மாலை ஒரு மேசை செய்வதாகச் சபதம் ஏற்றேன்.

என் தங்கை மகள் மாரீஸ்வரி மதுரையில் செல்போன் பழுது பார்க்கும் தொழிலைக் கற்று, அங்கேயே ஒரு கடையில் வேலையும் பார்த்துவிட்டு, இப்போது நம் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சொந்தக் கடை போடுகிறாள். தை ஒன்பது, வெள்ளிக்கிழமை திறப்பு. கடை தயார், பெயர்ப்பலகை தயார், மேசைதான் இல்லை. விற்கிற மேசைகளில் எல்லாம் யானை படுத்து உறங்கும் அளவுக்கு ஒரே ஒரு இழுப்பறை. அவளுக்கு வேண்டியதோ கடுகைவிடச் சின்னத் திருகாணிகளைப் பிரித்துப் போட, வரிசையாகச் சின்னச் சின்ன இழுப்பறைகள்.

"நான் செஞ்சு தாரேன் தாயி," என்றேன்.

அவள் அப்பன் குருசாமி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "மச்சான், கோவிச்சுக்கிடாதீங்க. மொதல்ல இந்த டம்ளரை அந்தக் கையில புடிங்க. அப்புறம் மேசை செய்யலாம்."



அந்தக் கை என்றால் வலது கை. ஆவணியில் ஒருநாள் காலை பல் தேய்க்கும்போது, விண்ணப்பம்கூடக் கொடுக்காமல் விடுப்பில் போய்விட்டது. வலது காலும் கூடவே போனது. கால் நல்ல பிள்ளை, திரும்பி வந்துவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்கிறார் டாக்டர். வேலைநிறுத்தம் என்கிறேன் நான். பயிற்சி கொடுக்க வரும் பெண் ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டை ஒன்றைக் கட்டி, "புடிச்சு இழுங்க சார்" என்கிறாள். தள்ளச் சொன்னால் நான் கழுகுமலையையே தள்ளி கயத்தாற்றில் வைப்பேன். பிடித்து இழு என்றால்தான் விரல்கள் காதில் விழாத மாதிரி இருந்துகொள்கின்றன.

"மாப்ளே," என்றேன், "காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் உண்டு. சடங்குக்கு உண்டு. கல்யாணத்துக்கு உண்டு. கடை தெறக்கிறதுக்கு இதுவரைக்கும் இல்லைன்னா, இன்னையிலருந்து உண்டு. எம் மருமகளுக்கு நான் மேசைச் சீர் கொண்டு வாரேன். மேளத்தோட."

"சரி. பொங்கலுக்கு வந்து பாப்பேன். மேசை நிக்கலைன்னா இரும்பு மேசை ஒண்ண எறக்கிருவேன். பிள்ளைக்கு இது தொழிலு, வெளாட்டு இல்ல."

மாரீஸ்வரி போகும்போது ஒரு தாளில் நீளம், அகலம், உயரம் எழுதி என் இடது கைப்பக்கமாக வைத்துவிட்டுப் போனாள்.

(இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால், அது உலகத்திலேயே அழகான கோழி.)

நவம்பர் 15, சனி

மரம் வந்தது. பாண்டியர் அரண்மனையின் தலைவாசல் கதவு. பழைய மரக்கடைக்காரர் ஏதோ அரிசி ஆலைக் கதவு என்றார். அவருக்குச் சரித்திரம் தெரியாது.

செண்பகம், அதாவது என் மனைவி, கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கொல்லைப்பக்கம் துணி காயப்போடும் இடத்தைப் பார்த்தாள். "இதை எங்க போட்டு அறுக்கப் போறீக?"

"துணி காயப்போடுற எடத்துல."

"அப்ப துணி?"

"ஈரமாவே உடுத்துவோம்."

நவம்பர் 17, திங்கள்

இடது கையால் முதல் அறுப்பு. பென்சில் கோடு நேராகத்தான் போட்டேன். ரம்பம் கோவில்பட்டியில் கிளம்பி, எட்டயபுரத்தில் இறங்கி, விளாத்திகுளம் வழியாகக் கடலுக்குப் போய்விட்டது.

நவம்பர் 18, செவ்வாய்

அதே.

நவம்பர் 21, வெள்ளி

உலக மரவேலை வரலாற்றில் இன்று பொன்னாள். அறுக்கும்போது பலகை ஆடாமல் பிடிக்க ஒரு கை வேண்டும். என்னிடம் இருக்கிற மற்றொரு கை விடுப்பில். முழங்காலால் அழுத்தினேன், பலகை என்னைக் குதிரை மாதிரி உதறித் தள்ளியது. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த செண்பகம் முறத்தோடு எழுந்து வந்தாள். பலகையின் மறுமுனையில் உட்கார்ந்தாள். மறுபடி கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

"ம், அறுங்க."

அறுத்தேன். பலகை இம்மியும் நகரவில்லை. அப்பேர்ப்பட்ட பிடி எந்தத் தச்சுப் பட்டறையிலும் கிடையாது. நடுநடுவே வாயும் பேசும்.

"இம்புட்டு வேகம் எதுக்கு? ரம்பம் எங்கிட்டுப் போகுதோ அங்கிட்டே நீங்களும் போறீக. அதை நீங்க ஓட்டுங்க, அது உங்களை ஓட்டக்கூடாது."

"நடத்துனருக்கே ஓட்டச் சொல்லித் தாரியா?"

"நடத்துனர் என்னைக்கு ஓட்டினாரு?"

கோடு நேராக வந்தது. இதில் அவளுக்குப் பங்கில்லை என்று பதிவு செய்கிறேன். அரிசியில் கல் இல்லாமல் இருந்ததில் வேண்டுமானால் எனக்குப் பங்கு உண்டு.

நவம்பர் 27, வியாழன்

மழை. மேசைப் பலகைகளை நனையவிடாமல் கட்டிலுக்குக் கீழே படுக்க வைத்தோம். கட்டிலில் படுத்த நாங்கள் கூரை ஒழுகி நனைந்தோம்.

டிசம்பர் 4, வியாழன்

நின்றது! நான்கு காலில் நின்றது. ஊரே திரண்டு வந்து பார்த்தது. (அடுத்த தெரு சங்கரலிங்கம் ஆசாரி சைக்கிளில் போனவர் இறங்கிப் பார்த்தார்.) கையை வைத்து ஆட்டினார். மேசை ஆடவில்லை, அவர்தான் ஆடினார்.

"யார் செஞ்சது?" என்றார்.

"நான்."

"சரிங்க. யார் செஞ்சது?"

மேல்பலகையை இடது கையால் இழைப்புளி போட்டு வழவழப்பாக்கியிருந்தேன். அதில் ஒரு ஈ வந்து உட்கார்ந்து வழுக்கி விழுந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆசாரி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். ஆசாரிகளின் பாஷையில் அது மாலை மரியாதை.

டிசம்பர் 11, வியாழன்

மேல்பலகைக்குக் கீழே இரண்டு வரிசை அறைகள், புறாக்கூடு மாதிரி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு செங்கல் அளவு இழுப்பறை. முதல் இழுப்பறை இன்று முடிந்தது. பித்தளைக் குமிழ் வைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, மணப்பெண் மூக்குத்தி மாதிரி மின்னியது.

செண்பகம் இழுத்தாள். வெண்ணெய் மாதிரி வந்தது. "நல்லா வருதே! நீங்க இழுங்க."

நான் இடது கையை நீட்டினேன்.

"அந்தக் கையால இழுங்க. பயிற்சியும் ஆச்சுல்ல."

குமிழ் சரியில்லை. ரொம்பச் சின்னது. பித்தளையும் தரமில்லாதது. மழைக்கு மரம் வேறு ஊதியிருக்கும். கழற்றிப் போட்டுவிட்டேன். குமிழ் வைத்த மேசை எந்த ராஜ்யத்திலும் அழகில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

இன்று வேலை இல்லை. மேசைக்கு ஓய்வு தேவைப்பட்டது.

டிசம்பர் 13, சனி

இன்றும். ரப்பர் பட்டையை ஜன்னலிலிருந்து அவிழ்த்துவிடச் சொன்னேன். செண்பகம் அவிழ்க்கவில்லை.

டிசம்பர் 15, திங்கள்

உலகமே, எழுந்து நில்!

சாயங்காலம் செண்பகம் விளக்கேற்றிவிட்டுத் தீப்பெட்டியை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நம் ஊரில் தீப்பெட்டியோடு பிறந்து தீப்பெட்டியோடு வளர்கிறோம். எங்கள் அம்மா மடியில் நான் தவழ்ந்த நேரத்தைவிட அவள் மடியில் தீப்பெட்டி அடுக்கு இருந்த நேரம் அதிகம். ஆனாலும் இன்றுதான் அதைப் பார்த்தேன். வேறு வேலை இல்லாமல், சாய்ந்து கிடந்த வலது கையின் கட்டைவிரலை அதன் முனையில் வைத்துத் தள்ளினேன்.

உள்பெட்டி வெளியே வந்தது.

திருப்பி வைத்து மறுமுனையில் தள்ளினேன். இந்தப் பக்கம் வந்தது. தீப்பெட்டிக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது? குமிழ் எங்கே? எவனாவது தீப்பெட்டியை இழுத்துத் திறந்து பார்த்திருக்கிறீர்களா?

செண்பகம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தபோது நான் குச்சி எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டுப் பெட்டியை அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"எந்தக் கையில தள்ளுறீக?"

"தொழில்நுட்பத்தைப் பாரு, கையைப் பாக்காத."

பெட்டிகள் இரண்டு பக்கமும் போய்வரட்டும் என்று அறைகளின் பின்பலகைகளை எல்லாம் கழற்றச் சொன்னேன். ஜெர்மானியப் பொறியாளர்கள் நூறு வருடமாகத் தேடிக்கொண்டிருப்பது இதைத்தான்.

டிசம்பர் 23, செவ்வாய்

இழுப்பறைகள் எல்லாம் முடிந்தன. இனி இவற்றை இழுப்பறை என்று சொல்வதும் தப்பு. ஆசாரி வந்தார். ஒன்றைத் தள்ளினார். அது மறுபக்கம் போய்த் தொப்பென்று கீழே விழுந்தது. இன்னொன்றைத் தள்ளினார். அதுவும் விழுந்தது. அவருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, மேசை கேட்டா தீப்பெட்டி செஞ்சு வச்சிருக்கீகளே! உள்ள ஆள் உக்காந்து புடிக்கணுமா?"

"சிரிச்சு முடிச்சாச்சா?"

"இல்ல, இன்னும் கொஞ்சம் இருக்கு." முடித்தார். "பெட்டிக்கு அடியில நீளவாக்குல பள்ளமா ஒரு காடி வெட்டி, அறையில ஒரு முளை அடிங்க. பாதி போனதும் முளை தடுக்கும். ரெண்டு பக்கமும் பாதி பாதி வரும், விழாது."

இந்த யோசனை எனக்கு முன்பே வந்துவிட்டது. அதை வாயால் சொல்வதில் அவர் முந்திக்கொண்டார், அவ்வளவுதான்.

ஜனவரி 2, வெள்ளி

காடி வெட்டுகிறேன். உளியைப் பிடிப்பது இடது கை. உளியின் தலையில் தட்டுவது செண்பகம். எங்கே தட்டுவது, எவ்வளவு தட்டுவது என்று கட்டளையிடுவது நான். எவ்வளவு கோபத்தோடு தட்டுவது என்று முடிவு செய்வது அவள்.

வலது கை பலகையின் மேல் கிடக்கிறது. வெறுமனே கிடக்கவில்லை, பாரமாகக் கிடக்கிறது. காகிதம் பறக்காமல் வைக்கிற கல் மாதிரி. அதற்கும் சம்பளம் போட்டாயிற்று.

ஜனவரி 16, வெள்ளி

குருசாமி வந்தார். கரும்போடு வந்தார், பொங்கல் வாழ்த்தோடு வந்தார். மேசையைச் சுற்றி வந்தார், பேருந்து நிலையத்தில் தப்பான பேருந்தில் ஏறிவிட்டவர் மாதிரி.

"மச்சான், ஒத்துக்கிடுறேன். நிக்குது. நல்லாவே நிக்குது." உட்கார்ந்து ஒன்றைத் தள்ளினார். "ஆனா இந்தப் பக்கம் எம் பொண்ணு உக்காருவா. அந்தப் பக்கம் கடைக்கு வாரவன் நிப்பான். அவன் பக்கமும் பெட்டி தெறக்கும். இவ திரும்புறதுக்குள்ள சாமான் எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போயிருவானே?"

எனக்குத் தோன்றவில்லை. இத்தனை நாளில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

"பின்பக்கத்தை அடைச்சிருங்க," என்றார். "குமிழ் வச்சிருங்க. எல்லா மேசையும் மாதிரி."

அவர் தள்ளிய பெட்டியை நான் திருப்பித் தள்ளி வைத்தேன்.

செண்பகம்தான், "அண்ணே, பொங்கல் ஆறுது, சாப்பிடுங்க," என்றாள்.

வாசலில் நின்று குருசாமி மெதுவாகச் சொன்னார்: "இரும்பு மேசைக்குச் சொல்லிட்டேன் மச்சான். நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க. ஒத்தக் கையில இம்புட்டுச் செஞ்சதே பெருசு."

அவர் கேலி செய்திருக்கலாம். கேலி என்றால் என்னிடம் பதில் இருந்திருக்கும்.

ஜனவரி 17, சனி

கரும்பு தின்னவில்லை. பல்வலி.

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் மாரீஸ்வரி தனியாக வந்தாள், தன் வேலைப்பையோடு. மேசைக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முன்பக்கம் என்னை நிற்கச் சொன்னாள்.

"நீங்க கடைக்கு வந்திருக்கீக. போன் கீழ விழுந்து உடைஞ்சு போச்சு. எங்கிட்டத் தாங்க."

என் போனை இடது கையால் நீட்டினேன்.

"கையில வேண்டாம் மாமா. பெட்டியில போட்டுத் தள்ளுங்க."

போட்டேன். தள்ளினேன். பெட்டி அவள் பக்கம் தலைநீட்டியது. அவள் போனை எடுத்துப் பார்த்து, அதற்குள் ஒரு கடலை மிட்டாயை வைத்துத் திருப்பித் தள்ளினாள். என் பக்கம் வந்தது. நான் மிட்டாயைத் தின்றுவிட்டுத் தள்ளினேன். அவள் இன்னொன்று வைத்துத் தள்ளினாள்.

"மதுரைக் கடையில என்ன பெரிய தொல்லை தெரியுமா? எந்தப் போன் யாரோடதுன்னு. எல்லாத்தையும் ஒரு தட்டுல போட்டு வைப்பாங்க. மாறிப்போகும், சண்டை வரும். இதுல பாருங்க, போன் போட்ட பெட்டி எதுவோ அதுதான் அவங்களுக்கு. அவங்க கண்ணு முன்னாலயே இருக்கும். வேலை முடிஞ்சதும் அதே பெட்டியில அவங்க பக்கம் போயிரும்."

"அதை... அதை நெனைச்சுத்தான் தாயி செஞ்சேன்."

"தெரியும் மாமா." முகத்தில் சிரிப்பே இல்லை, ராட்சசி. "மேல் வரிசை அப்படியே இருக்கட்டும். கீழ் வரிசையில என் திருகாணி, கருவி எல்லாம் வைப்பேன். அதுக்கு மட்டும் அந்தப் பக்கம் ஒரு சட்டம் அடிச்சு மூடிருங்க. இந்தப் பக்கம் குமிழ் வைங்க."

பிறகு கேட்டாள்: "மொதல்லயே ஏன் மாமா எதுக்கும் குமிழ் வைக்கலை?"

செண்பகம் சட்டென்று அடுப்படிக்குள் போனாள். நான் ஜெர்மனியைப் பற்றி ஆரம்பித்தேன். மாரீஸ்வரி மேசையின் மேல் கிடந்த என் வலது கையைப் பார்த்தாள். கேள்வியை வாபஸ் வாங்கிக்கொண்டு, ஒரு பெட்டியை அந்தக் கைக்கு நேராகத் தள்ளினாள். நான் உள்ளங்கையை வைத்துத் திருப்பித் தள்ளினேன். அவள் தள்ளினாள். நான் தள்ளினேன். சாப்பிடக் கூப்பிடும்வரை அதே வேலையாக இருந்தோம்.

போகும்போது அப்பனுக்குப் போன் போட்டு என் காதுபடச் சொன்னாள்: "இரும்பு மேசை வேண்டாம்னு சொல்லிருங்கப்பா. வந்துச்சுன்னா அதை வீட்டுல போட்டு நீங்க உக்காருங்க."

ஜனவரி 23, வெள்ளி

தை ஒன்பது. சீர் புறப்பட்டது. முன்னால் நாதஸ்வரக்காரர் ஒருவர், தவில்காரர் ஒருவர். அவர்களுக்குப் பின்னால் குட்டியானைச் சரக்கு வண்டியில் மாலை போட்ட மேசை. அதற்குப் பின்னால் செண்பகமும் தங்கையும் பழத்தட்டு, வெற்றிலைத் தட்டோடு. கடைசியில் பட்டு வேட்டியில் நான். சாலையின் இருபுறமும் லட்சம் பேர். போக்குவரத்து மூன்று மாவட்டங்களுக்கு நின்றுபோனது. டீக்கடையில் ஒருவர், "மேசைக்கா கல்யாணம்?" என்று கேட்டார். "ஆமா, மாப்பிள்ளை நாற்காலி," என்றேன்.

முதல் வாடிக்கை பூக்கார அம்மா. போன் தண்ணீர் வாளியில் விழுந்துவிட்டதாம். பெட்டியில் போட்டுத் தள்ளச் சொன்னதும் ஒரு மாதிரி பார்த்தார். தள்ளினார். அது அந்தப் பக்கம் போய் நின்றதும் வாய்விட்டுச் சிரித்தார். "நம்ம தீப்பெட்டி!" என்று கத்தினார். போனை மறந்துவிட்டு இன்னும் இரண்டு பெட்டிகளைத் தள்ளிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் தள்ளக் கேட்டார்கள். போன் உடையாதவர்களும் வரிசையில் நின்றார்கள்.

குருசாமி வாசலில் நின்று வருகிறவர் போகிறவர் எல்லாரையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "எங்க மச்சான் செஞ்சது. ஒத்தக் கை. இடது கை! கண்டக்டர்ங்க, ஆசாரி இல்ல."

"சும்மா சொல்லாதீங்க. ஆசாரி வச்சுச் செஞ்சிருப்பாக," என்றார் ஒருவர்.

அங்கே நின்ற சங்கரலிங்கம் ஆசாரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் செஞ்சிருந்தா அந்த மூலை இப்படியா கோணிக்கிட்டு நிக்கும்? நல்லாப் பாருங்க. அவரு செஞ்சதுதான்!"

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஆகப்பெரிய நற்சான்று அது. கோணலான அந்த மூலைக்குச் செண்பகம் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

ஜனவரி 27, செவ்வாய்

சத்தியம் செய்தபடியே எழுதி முடித்துவிட்டேன். இதில் பாதி பொய். மீதி பெரும்பொய். ஈ வழுக்கி விழவில்லை, லட்சம் பேர் வரவில்லை, ஜெர்மனியில் யாரும் எதையும் தேடவில்லை. நம்பாதீர்கள்.

இன்று மதியம் மாரீஸ்வரி சாப்பிடப் போயிருந்தாள். கடைக்கு நான் காவல். அவள் நாற்காலியில், மேசைக்கு அந்தப் பக்கத்தில் முதல்முறையாக உட்கார்ந்தேன். கீழ் வரிசைப் பெட்டிகள் எதிரே இருந்தன. அவற்றைத் தள்ளித் திறக்க முடியாது. மறுபக்கம் சட்டம் அடித்து மூடியது நானே. இழுத்தால்தான் வரும்.

யாரும் இல்லை. வலது கையை மடியிலிருந்து அனுப்பினேன். இடது கையைத் துணைக்கு அனுப்பவில்லை. குமிழ்வரை போனது. விரல்கள் ஒவ்வொன்றாக, கூட்டமான பேருந்தில் ஏறும் வயசாளிகள் மாதிரி, நின்று நின்று, குமிழைச் சுற்றி இடம் பிடித்தன. இழுத்தேன்.

வந்தது.

முழுப் பெட்டியும் வந்தது என்று எழுதப் பேனா துடிக்கிறது. பாதி வந்தது என்று எழுதினால் செண்பகம்கூட நம்புவாள். ஒரு தீக்குச்சியின் நீளமாவது வந்தது என்று எழுதிவிட்டுப் போகலாம்.

இல்லை. ஒரு தீக்குச்சியின் தடிமன். அவ்வளவுதான் வந்தது.

அது மட்டும் நிஜம்.